ஸ்னீக், ஸ்கல்க், டிப்டோ: எல்லாவற்றுக்கும் 'மறைவாகப் போதல்' என்று சொல்லிக்கொடுத்தால் போதுமா?

மார்த்தாண்டம் டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்தில் நர்சிங் முடித்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வை எழுதுகிறவர்கள். போன வாரம் வகுப்பில் நடந்த இரண்டு விஷயங்கள் மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் இந்த இழை.

திங்கட்கிழமை தோறும் வீட்டில் நடந்த ஏதாவது ஒன்றைப் பத்து வரியில் எழுதச் சொல்வேன். கருங்கல் பக்கத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை எழுதியிருந்தாள்: அக்காவின் குழந்தை தொட்டிலில் தூங்குகிறது, பாட்டிக்கு அந்த அறையிலிருந்து அரிசி எடுக்க வேண்டும், குழந்தை விழித்துவிடக் கூடாது என்று சத்தமில்லாமல் உள்ளே போகிறார். அழகான காட்சி. ஆனால் அவள் போட்டிருந்த சொல் 'ஸ்கல்க்'. 'மை கிராண்ட்மதர் ஸ்கல்க்ட் இன்டு த ரூம்.' ஆங்கிலம் அறிந்தவர் அதை வாசித்தால் பாட்டி ஏதோ கெட்ட எண்ணத்தோடு ஒளிந்து ஒளிந்து போனதாகத்தான் நினைப்பார்.

இரண்டாவது, பரீட்சைக் கடிதம். நோயாளியைப் பற்றி இன்னொரு மருத்துவமனைக்கு எழுதும் கடிதம். 'குடிப்பீர்களா' என்று கேட்டதற்கு நோயாளி பதில் சொல்லவில்லை என்பதை ஒரு பையன் 'எவேடட் த கொஸ்டின்', அதாவது கேள்விக்கு நழுவினார், என்று எழுதிவிட்டான். அந்த ஒரு சொல்லால் நோயாளி குற்றவாளிக் கூண்டில் ஏறிவிட்டார்.

இரண்டு பேரிடமும் அகராதி இருந்தது. அதில் இந்தச் சொற்கள் எல்லாவற்றுக்கும் 'மறைவாகச் செல்', 'தவிர்' என்றுதான் போட்டிருக்கிறது. என் பழைய குறிப்பு நோட்டை எடுத்துப் பார்த்தேன். நானும் அப்படியேதான் எழுதி வைத்திருக்கிறேன், பத்து வருடமாக அப்படியேதான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதுதான் வருத்தம். இந்தச் சொற்களைத் தமிழில் எப்படிப் பிரித்துக் காட்டுவது? யோசனை சொல்லுங்கள்.

வடசேரி அண்ணாச்சி

டீச்சர், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளை இவ்வளவு குழப்ப வேண்டாம் என்பது என் எண்ணம். ஸ்னீக் என்றால் நைசாகப் போவது, அவாய்ட் என்றால் தவிர்ப்பது. இந்த இரண்டும் போதும், மற்ற சொற்களை வாசிக்கும்போது புரிந்தால் சரி. நான் 30 வருடம் கடை நடத்தி, வெளிமாநிலக்காரர்களோடு ஆங்கிலத்தில்தான் கொடுக்கல் வாங்கல் செய்தேன். ஸ்கல்க் என்ற சொல் ஒரு நாளும் தேவைப்படவில்லை.

தேரூர் குளம்

அண்ணாச்சி சொல்வது பேச்சுக்குச் சரி. எழுத்துக்குப் போதாது. ஒன்று சொல்கிறேன்.

நான் தேரூர்க்காரன், கவிமணி பிறந்த ஊர். காலையில் குளக்கரையில் பறவை பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். மடையானைப் பார்த்திருப்பீர்கள், குருட்டுக்கொக்கு என்றும் சொல்வோம். சேற்று நிறத்தில் நிற்கும், பக்கத்தில் போகும்வரை கண்ணில் படாது, பறந்தால்தான் வெள்ளைச் சிறகு தெரியும். அது மீனை நெருங்குவதை அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஒரு காலைத் தூக்கும். தூக்கிய கால் அப்படியே நிற்கும், விரல்கள் மடங்கியிருக்கும். தண்ணீரில் இருக்கிற காலைச் சுற்றி வளையம் அடங்கியபிறகு, தூக்கிய காலை நகத்தின் நுனி முதலில் படும்படி இறக்கும். கழுத்து மட்டும் கொஞ்சம் முன்னால் போயிருக்கும், உடம்பு நகர்ந்ததே தெரியாது. பிறகு ஒரே குத்து.

இதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்டாக்'. ஸ்னீக் என்று சொன்னால் கொக்கைச் சிறுமைப்படுத்திய மாதிரி. அது திருட்டு வேலை செய்யவில்லை, வேட்டையாடுகிறது. புலிக்கும் அதே சொல். ஆனால் ராத்திரி குளக்கரையில் இரை தேடிச் சுற்றி அலைகிற நாய்க்கு 'ப்ரௌல்'. அதற்குக் குறி ஒன்றும் இல்லை, கிடைத்தால் பிடிக்கும். அடி வாங்கிய நாய் வாலைக் கால் இடுக்கில் வைத்துக்கொண்டு ஓரமாகப் போகுமே, அது 'ஸ்லிங்க்'. நாய் அதே நாய், சத்தமில்லாமல் போவதும் அதேதான். ஆனால் ஒன்று பசியில் போகிறது, இன்னொன்று வெட்கத்தில் போகிறது.

இன்னொரு விஷயம், 'ஸ்டாக்' என்ற சொல்லும் திருடு என்று பொருள்படும் 'ஸ்டீல்' என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. 'ஸ்டீல்' என்பதற்கே சத்தமில்லாமல் நகர்வது என்ற பொருளும் உண்டு.

மார்த்தாண்டம் டீச்சர்

கொக்கை அப்படியே வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். ரொம்ப நன்றி. பசி, வெட்கம் என்று நீங்கள் பிரித்ததுதான் எனக்கு வேண்டியிருந்தது. பேச்சைத் தவிர்க்கிற சொற்களையும் இப்படிப் பிரிக்க முடியுமா?

பூதப்பாண்டி தமிழாசிரியர் (ஓய்வு)

முடியும், அம்மா. பேச்சைத் தவிர்க்கிற சொற்களில் பாதி, காலால் நடக்கிற சொற்களிலிருந்து வந்தவைதான். 'ப்ரிவாரிகேட்' என்று ஒரு சொல் இருக்கிறது, பட்டும் படாமலும் பேசி உண்மையிலிருந்து விலகுவது. லத்தீன் மூலத்தில் அதற்குக் கோணல் மாணலாக நடப்பது என்று பொருள், கால் வளைந்தவன் நடப்பதைக் குறித்த சொல். 'டெர்ஜிவர்சேட்' என்றால் முதுகைத் திருப்புவது. 'எவேட்' என்றால் வெளியே நடந்து போய்விடுவது. 'டைக்ரஸ்' என்றால் பாதையை விட்டு ஓர் அடி எடுத்து வைப்பது. 'சைட்ஸ்டெப்' பற்றிச் சொல்லவே வேண்டாம், கால் அதிலேயே இருக்கிறது.

தமிழிலும் அப்படித்தான். நழுவுதல், வழுக்குதல், பதுங்குதல், ஒதுங்குதல், விலகுதல், பின்வாங்குதல் எல்லாம் உடம்பின் அசைவுகள். அவற்றையே பேச்சுக்கும் வைத்துக்கொண்டோம். 'கேட்ட கேள்விக்கு நழுவிவிட்டான்' என்கிறோம். 'மழுப்புதல்' மட்டும் கையின் வேலை. கூர்மையை மழுங்கச் செய்வது. கேள்விக்கு ஒரு முனை இருக்கிறது, பதில் சொல்கிறவர் அந்த முனையைத் தேய்த்துவிடுகிறார். 'பூசி மெழுகுதல்' அதைவிட ஒரு படி மேலே. சுவரில் விரிசல் இருப்பது அவருக்குத் தெரியும், அதன்மேல்தான் பூசுகிறார். ஆங்கிலத்தில் 'க்ளாஸ் ஓவர்' என்பது ஏறக்குறைய அதே வேலை.

'சுற்றி வளைத்துப் பேசாதே' என்று நாம் சொல்வதற்கு அவர்கள் 'புதரைச் சுற்றி அடிக்காதே' என்கிறார்கள். 500 ஆண்டுக்கு மேல் பழைய வழக்கு. வேட்டைக்குப் போகும்போது சில ஆட்கள் புதரைச் சுற்றிக் கம்பால் தட்டிப் பறவைகளைக் கிளப்புவார்கள், பிடிப்பது வேறு ஆள். தட்டிக்கொண்டே இருப்பவன் கையில் பறவை அகப்படாது. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு 274ஆம் குறள் நினைவுக்கு வரும். தவக்கோலத்தில் மறைந்துகொண்டு தகாதது செய்வது 'புதல்மறைந்து வேட்டுவன் புள்சிமிழ்த் தற்று' என்கிறார் வள்ளுவர். அங்கேயும் புதர்தான், பறவைதான். ஆனால் ஆங்கில வேட்டைக்காரன் புதரை வெளியிலிருந்து தட்டுகிறான், வள்ளுவரின் வேட்டுவன் புதருக்குள்ளேயே இருக்கிறான். முதலாமவன் விஷயத்துக்கு வரத் தயங்குகிறவன், இரண்டாமவன் ஏமாற்றுகிறவன். டீச்சர் கேட்ட வேறுபாடு இதில் முழுதாக இருக்கிறது.

குளச்சல் கடற்கரை

ஐயா சொன்னதோடு மீனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அம்மா ஒரு ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் 'கழுவுற மீனில் நழுவுற மீன்' என்று முடித்துவிடுவார். மீன் கழுவிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் முழு அர்த்தம் தெரியும். சாளையைச் சட்டியில் போட்டு உப்பு இட்டு உரசும்போது கையில் பிடி கிடைக்கும். செதில் இல்லாத வழுவழுப்பான மீன் அப்படி இல்லை. இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க வழுக்கும், தளர்த்தினால் நிற்கும். அப்படிப்பட்ட ஆளிடம் நேராகக் கேட்கக் கேட்கப் பதில் தூரமாகப் போகும்.

விலாங்கு வேறு. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்பார்கள். அது ஓடிப் போவதில்லை, இரண்டு பக்கமும் சொந்தக்காரன் மாதிரி நிற்கிறது. ஆங்கிலத்தில் 'ஈக்விவகேட்' என்கிறார்களே, இரண்டு பக்கமும் பொருள்படும்படி பேசுவது, அது விலாங்கு வேலை. 'எவேட்' வழுக்குகிற மீன். டீச்சர் இந்த இரண்டையும் குழப்பாமல் சொல்லிக்கொடுத்தால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் டக்கென்று பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, 'ரெட் ஹெர்ரிங்'. பேச்சைத் திசை திருப்ப நடுவில் தூக்கிப் போடும் விஷயம். ஹெர்ரிங் நம் சாளைக்கு உறவு மீன். உப்புப் போட்டுப் புகையில் வைத்தால் செம்பழுப்பாகும், அதனால் ரெட். வில்லியம் காபெட் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் 1807இல் எழுதினார்: சிறுவனாக இருந்தபோது முயலின் தடத்தில் இந்தக் கருவாட்டை இழுத்து வேட்டை நாய்களை வேறு பக்கம் திருப்பினேன் என்று. நெப்போலியன் தோற்றுவிட்டான் என்ற பொய்ச்செய்தியின் பின்னால் பத்திரிகைகள் ஓடி, உள்நாட்டு விஷயத்தைக் கோட்டைவிட்டதைக் கண்டித்து அந்தக் கதையைச் சொன்னார். அதிலிருந்துதான் அந்தப் பொருள் பரவியது. கருவாடு காயும் கடற்கரையில் நின்று பார்த்தால் இதை விளக்கவே வேண்டாம், எந்த நாயும் அந்தப் பக்கம்தான் திரும்பும்.

மஸ்கட் சிஸ்டர், சொந்த ஊர் குலசேகரம்

டீச்சர், நான் 12 வருடமாக வார்டில் இருக்கிறேன். உங்கள் இரண்டாவது பிள்ளையின் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இது சொல் விளையாட்டு இல்லை.

'எவேடட்' என்று நான் ஒருமுறை கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். வயிற்று வலியோடு வந்த ஒருவரிடம் குடிப்பழக்கம் பற்றிக் கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். மறுபடியும் கேட்டேன், போர்வையின் ஓரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார். பதில் இல்லை. நான் அப்படியே எழுதிவிட்டுப் போய்விட்டேன். இரவு டியூட்டிக்கு வந்த மூத்த சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டவில்லை. 'கட்டில் பக்கத்தில் யார் இருந்தார்கள்?' என்று மட்டும் கேட்டார். அவருடைய மனைவி இருந்தார். அன்றிரவு மனைவி டீ வாங்கப் போன நேரம் பார்த்து அந்த சிஸ்டர் மெதுவாகக் கேட்டார், அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எவ்வளவு, எத்தனை வருடம், கடைசியாக எப்போது என்று. அந்தத் தகவல் இல்லாவிட்டால் குடியை நிறுத்தியதால் வரும் நடுக்கத்துக்கும் குழப்பத்துக்கும் நாங்கள் தயாராக இருந்திருக்க மாட்டோம்.

அவர் நழுவவில்லை. மனைவியின் முன்னால் சொல்ல முடியாமல் ஒதுங்கினார். நான் எழுதிய சொல்லில் அவருடைய மனம் பற்றிய என் தீர்ப்பு இருந்தது, நான் கண்ணால் பார்த்தது இல்லை. பார்த்ததை எழுதியிருந்தால் 'மனைவி உடனிருக்கையில் கேட்டபோது பதில் சொல்லவில்லை' என்று இருந்திருக்கும். அதை வாசிக்கிற அடுத்த நர்ஸ், மனைவி இல்லாதபோது கேட்டிருப்பார்.

இன்னும் இரண்டு சொற்கள். மருத்துவ ஆங்கிலத்தில் 'டினைஸ்' என்று நிறைய வரும். 'பேஷன்ட் டினைஸ் செஸ்ட் பெயின்' என்றால் நெஞ்சுவலி இல்லை என்று சொல்கிறார், அவ்வளவுதான். நம் பிள்ளைகள் அதை 'மறுக்கிறார்' என்று படித்து நோயாளி பொய் சொல்கிறார் என்று நினைக்கிறார்கள். ஆங்கிலம் தாய்மொழியானவர்களிலேயே பலர் இந்தச் சொல் நோயாளியைச் சந்தேகப்படுவது போல இருக்கிறது, விட்டுவிடலாம் என்கிறார்கள். அடுத்தது 'அப்ஸ்காண்டட்'. நம் ஊர் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் சொல்லாமல் போன நோயாளிக்கெல்லாம் இதைத்தான் போடுகிறோம். தலைமறைவு என்ற பொருள் அதில் இருக்கிறது. கையில் பணம் தீர்ந்து, காலையில் முதல் பஸ் ஏறிப் பேச்சிப்பாறைக்குப் போன ஒரு பெரியவருக்கு அந்தச் சொல் எப்படிப் பொருந்தும்? 'சொல்லாமல் வார்டை விட்டுப் போனார், இத்தனை மணிக்குக் கட்டிலில் இல்லை' என்று எழுதலாமே.

வடசேரி அண்ணாச்சி

சிஸ்டர் சொன்னதை இரண்டு தடவை வாசித்தேன். நான் முதலில் எழுதியது தவறு. கடைக்குச் சரக்குக் கேட்டு எழுதுவதும் ஆஸ்பத்திரியில் ஒரு ஆளைப் பற்றி எழுதுவதும் ஒன்றில்லை.

ஒரு சந்தேகம். என் பேத்தி 'ஸ்னக்' என்கிறாள், 'ஸ்னீக்டு' என்பது தப்பு என்கிறாள். எது சரி?

மார்த்தாண்டம் டீச்சர்

இரண்டும் இருக்கிறது, அண்ணாச்சி. 'ஸ்னீக்டு' பழையது. 'ஸ்னக்' 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் கிளம்பியது, இப்போது எல்லா இடத்திலும் கேட்கிறது. எழுத்தில் 'ஸ்னீக்டு' போட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஸ்னீக்கர்ஸ் செருப்புக்கும் அந்தப் பெயர் ரப்பர் அடியால் வந்தது, நடந்தால் சத்தம் வராது.

சிஸ்டர், உங்கள் பதிவை அச்செடுத்து வகுப்பில் ஒட்டலாமா? அனுமதி வேண்டும்.

மஸ்கட் சிஸ்டர், சொந்த ஊர் குலசேகரம்

தாராளமாக, டீச்சர். என் பெயர் இல்லாததால் பிரச்சினை இல்லை.

நாகர்கோவில் மாணவி

ஆறு மாதமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன், இதுதான் முதல் பதிவு. இப்படி வாசித்துக்கொண்டு மட்டும் இருப்பவர்களுக்கு இணையத்தில் 'லர்க்கர்' என்று பெயர். பழைய 'லர்க்' கெட்ட நோக்கத்தோடு பதுங்கி இருப்பது. இங்கே அந்தக் கெட்ட பொருள் போய்விட்டது, புதிதாக வருகிறவர்களைக் கொஞ்ச நாள் அப்படி இருக்கச் சொல்கிற தளங்களும் உண்டு.

நான் எழுத வந்தது வேறு. தேரூர் அண்ணன் 'ஸ்டாக்' என்ற சொல்லைக் கொக்கை வைத்து அழகாகச் சொன்னார். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் கொக்கு வராது. போன வருடம் கல்லூரியிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை ஒருவன் மூன்று வாரம் பின்னாலேயே வந்தான். பேசவில்லை, தொடவில்லை. நான் கடையில் நின்றால் நிற்பான், நடந்தால் நடப்பான். வீட்டில் சொன்னபோது 'அவன் ஒன்றும் செய்யவில்லையே' என்றார்கள். செய்துகொண்டிருந்தான், அதற்குத் தமிழில் என்னிடம் சொல் இல்லை. 'ஸ்டாக்கிங்' என்று ஒரு குற்றம் இருக்கிறது, 2013இல் தண்டனைச் சட்டத்தில் 354டி என்று சேர்த்தார்கள், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 78ஆம் பிரிவு என்று எங்கள் பேராசிரியர் சொன்னபிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. முதல் தடவைக்கே மூன்று வருடம் வரை சிறை உண்டு. பெயர் தெரிந்ததும் அப்பாவிடம் திரும்பப் போய்ச் சொன்னேன், இந்தத் தடவை கேட்டார்.

அதனால் டீச்சர், வகுப்பில் 'ஸ்டாக்' சொல்லும்போது கொக்கோடு நிறுத்திவிடாதீர்கள்.

தேரூர் குளம்

தங்கச்சி, நீங்கள் சொன்னது என் மண்டையில் ஏறவே இல்லை இத்தனை நாள். நான் கரையிலிருந்து கொக்கைத்தான் பார்த்தேன், தண்ணீருக்குள் இருந்த மீனை யோசிக்கவில்லை. டீச்சர், அந்தச் சொல்லை இரண்டு பக்கமும் வைத்துச் சொல்லுங்கள்.

பூதப்பாண்டி தமிழாசிரியர் (ஓய்வு)

மகளே, எழுதியதற்கு நன்றி. சட்டத்தில் 'பின்தொடர்தல்' என்று தமிழாக்குகிறார்கள். பின்தொடர்தல் நல்லதற்கும் ஆகும் சொல், மாணவர் ஆசிரியரைப் பின்தொடர்வதாகச் சொல்வோம். உன் அனுபவத்தின் கனம் அதில் இல்லை. 'விடாமல் பின்தொடர்ந்து தொல்லை செய்தல்' என்று நீட்டிச் சொல்வதே நேர்மை. ஒரு சொல்லுக்கு ஒரு சொல்தான் வைக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

விளவங்கோடு

எங்கள் மேற்குப் பக்கத்துப் பேச்சையும் கொஞ்சம் சேர்க்கிறேன். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த மண், மலையாளம் வீட்டுக்குள்ளேயே உண்டு. பதில் சொல்லாமல் சுற்றுவதை மலையாளத்தில் 'உருண்டுகளி' என்பார்கள், உருண்டு விளையாடுவது என்று. பந்து மாதிரி எந்தப் பக்கம் தட்டினாலும் அந்தப் பக்கம் போகும், ஓர் இடத்தில் நிற்காது. ஐயா சொன்ன கால் சொற்களோடு இதையும் வைக்கலாம், இது முழு உடம்பின் சொல்.

பாட்டிக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் பாட்டி அந்த அறைக்குள் போயிருந்தால் நாங்கள் என்ன சொல்வோம்? 'பிள்ள ஒறங்குது, பையப் போ' என்போம். பைய. பதுங்கி என்றும் சொல்ல மாட்டோம், நைசாக என்றும் சொல்ல மாட்டோம். அப்படியிருக்கும்போது அந்தப் பிள்ளை ஏன் அகராதிக்குப் போனாள்?

பூதப்பாண்டி தமிழாசிரியர் (ஓய்வு)

அடடா, இவ்வளவு நேரம் நான் எழுதியதில் இதுதான் விட்டுப்போயிற்று. 'பைய' இன்று நம் பக்கத்துப் பேச்சுச் சொல்லாக ஒதுக்கப்படுகிறது, பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதினால் சிவப்பு மையால் அடித்து 'மெதுவாக' என்று திருத்துகிறார்கள். நானே வேலைக்குச் சேர்ந்த காலத்தில் திருத்தியிருக்கிறேன். ஆனால் 1098ஆம் குறளில் தலைவன் இரந்து பார்க்கும்போது தலைவி 'பசையினள் பைய நகும்' என்று வருகிறது. அன்பு கனிந்து மெல்லச் சிரிக்கிறாள். வள்ளுவர் காலத்துச் சொல் குலசேகரத்திலும் குழித்துறையிலும் தொட்டில் பக்கத்தில் இன்னும் புழங்குகிறது.

'மெதுவாக' என்பது வேகத்தைச் சொல்கிறது. 'பைய' அதோடு மற்றவர் மேலுள்ள கரிசனத்தையும் சொல்கிறது. யாரிடமிருந்தும் எதையும் மறைக்கவில்லை, யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்றுதான் அந்த நடை. 'டிப்டோ', அதாவது நுனிக்காலில் நடப்பது, ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறது. திருடனும் டிப்டோவில் நடக்கலாம், ஆனால் அந்தச் சொல் திருடனைச் சொல்லித் தொடங்குவதில்லை.

களவு பற்றியும் ஒரு வரி. தேரூர் தம்பி 'ஸ்டீல்' என்ற சொல்லைச் சொன்னார். ஆங்கிலத்தில் யாருக்கும் தெரியாமல் பார்ப்பதை 'ஸ்டீல் எ கிளான்ஸ்' என்பார்கள். நம் 1092ஆம் குறள் 'கண்களவு கொள்ளும் சிறுநோக்கம்' என்கிறது. கடல் கடந்த இரண்டு மொழிகளும் பார்வையைத் திருட்டு என்றே சொல்லியிருக்கின்றன. அங்கே அந்தத் திருட்டில் குற்றம் ஒன்றும் இல்லை.

குழித்துறை ஆறு

பூனையை எல்லாரும் மறந்துவிட்டீர்களே. ஆங்கிலத்தில் 'புஸ்ஸிஃபுட்' என்று ஒரு சொல் இருக்கிறது. பூனைக்கால். சத்தமில்லாமல் நடப்பதற்கும் அதுதான், துணிந்து ஒரு பக்கம் பேசாமல் இருப்பதற்கும் அதுதான். டீச்சர் கேட்ட இரண்டு அர்த்தமும் ஒரே சொல்லில்.

அமெரிக்காவில் வில்லியம் யூஜின் ஜான்சன் என்று ஒரு மதுவிலக்கு அதிகாரி இருந்தார், 1862 முதல் 1945 வரை வாழ்ந்தவர். இரவில் பூனை மாதிரி வந்து கள்ளச்சாராயக்காரர்களைப் பிடித்ததால் 'புஸ்ஸிஃபுட்' ஜான்சன் என்று பெயர் வந்துவிட்டது. 1919இல் லண்டனில் மதுவிலக்குப் பேச்சுக்குப் போனபோது மாணவர் கூட்டம் கலாட்டா செய்ததில் ஒரு கண் போயிற்று. அதன்பிறகும் அவர் மதுவிலக்கை விடவில்லை. அந்தப் பட்டப்பெயரின் இரண்டாவது அர்த்தம் அவருக்குக் கொஞ்சமும் பொருந்தாது, மனுஷன் எதிலும் நழுவியதே இல்லை.

தமிழில் பூனைநடை என்றால் இப்போது அழகிகள் நடக்கிற மேடைதான் ஞாபகம் வருகிறது. அதனால் இந்தச் சொல்லுக்கு அதை வைக்க வேண்டாம்.

வடசேரி அண்ணாச்சி

'ஹெட்ஜ்' பற்றி யாரும் சொல்லவில்லை. அது வேலிதானே? பணம் போடுகிறவர்கள் நஷ்டத்துக்கு எதிராக ஹெட்ஜ் செய்வதாகச் சொல்வார்கள்.

மஸ்கட் சிஸ்டர், சொந்த ஊர் குலசேகரம்

அதே வேலிதான், அண்ணாச்சி. பேச்சில் ஹெட்ஜ் செய்வது என்றால் முழுதாக ஒப்புக்கொள்ளாமல் வேலிக்குப் பின்னால் நின்று பேசுவது. ஆனால் எங்கள் எழுத்தில் அது நல்ல பழக்கம். 'நோயாளி பயந்திருக்கிறார்' என்று எழுதுவதைவிடப் 'பயந்திருப்பதாகத் தெரிகிறது' என்று எழுதுவதுதான் சரி. தெரிந்த அளவுக்கு மேல் சொல்லாமல் இருப்பது நழுவல் ஆகாது. ஓஇடி கடிதத்தில் இதற்கு மதிப்பு உண்டு.

மார்த்தாண்டம் டீச்சர்

நேற்று வகுப்பு எடுத்தேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டோம். கரும்பலகையில் தமிழ் அர்த்தம் ஒன்றும் எழுதவில்லை. ஒவ்வொருத்தரையும் ஒரு சொல்லை நடந்து காட்டச் சொன்னேன். கருங்கல் பிள்ளைக்கு 'டிப்டோ' கொடுத்தேன், மேஜைமேல் என் கைப்பையைக் குழந்தை மாதிரி படுக்க வைத்து. செருப்பைக் கழற்றிக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள். நான் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பாதி தூரத்தில் தரையில் ஒரு பெஞ்சுக் கால் கிரீச்சென்றது, அப்படியே நின்று பையைத் திரும்பிப் பார்த்தாள். வகுப்பு முழுக்க மூச்சு விடவில்லை. பிறகு அதே பிள்ளையை 'ஸ்கல்க்' செய்யச் சொன்னேன். அவள் கண் பையைப் பார்க்கவே இல்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தது, யாராவது வருகிறார்களா என்று. 'டீச்சர், இதில் நான் என்னைத்தான் காப்பாற்றுகிறேன், அதில் குழந்தையை' என்றாள். இந்த ஒரு வாக்கியத்துக்காக நான் பத்து வருடம் சுற்றியிருக்கிறேன்.

'சைடில்' செய்ய வந்த பையன் ரேஷன் கடை வரிசையைக் காட்டினான். வேறெங்கோ பார்த்தபடி, பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக நகர்ந்து, வரிசையில் ஏற்கெனவே நிற்பவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சேர்ந்துவிட்டான்.

'ஸ்டாக்' எடுக்கும்போது நடந்து காட்டச் சொல்லவில்லை. கொக்கைச் சொன்னேன், பிறகு நாகர்கோவில் மாணவி எழுதியதை வாசித்தேன். இரண்டு பிள்ளைகள் வகுப்பு முடிந்ததும் தனியாக வந்து பேசினார்கள். அதற்கு மேல் இங்கே எழுதுவது முறையில்லை. 78ஆம் பிரிவு என்ற எண்ணை இரண்டு பேரும் எழுதிக்கொண்டு போனார்கள்.

கடிதத்தையும் திருத்தினோம். சிஸ்டரின் பதிவைக் கொடுத்து, 'எவேடட்' என்ற வரியை நீங்களே மாற்றுங்கள் என்றேன். எழுதியவனே மாற்றினான்: 'மனைவி அருகில் இருந்தபோது குடிப்பழக்கம் பற்றிய கேள்விக்கு அவர் பதிலளிக்கவில்லை. தனியாகக் கேட்டுப் பார்க்கும்படி வேண்டுகிறேன்.' ஆங்கிலத்தில் எழுதியபோது பழைய வரியைவிடக் கொஞ்சம் நீளமாகிவிட்டது. கடிதத்துக்கு 180 முதல் 200 சொற்கள் என்று அளவு இருப்பதால் வேறு எங்கே குறைப்பது என்று அரை மணி நேரம் வாதம் நடந்தது. கடைசியில் நோயாளி பத்து வருடம் முன்பு கை உடைந்த விஷயத்தை எடுத்துவிட்டார்கள். வயிற்று வலிக்கு அது தேவையில்லை.

விளவங்கோடு

பாட்டி வரி என்ன ஆயிற்று, டீச்சர்?

மார்த்தாண்டம் டீச்சர்

'டிப்டோ' போட்டுவிட்டாள். நோட்டில் அதற்கு நேராக, ஓரத்தில், பென்சிலால் 'பைய' என்று எழுதியிருந்தாள். நான் திருத்தவில்லை.